எண்பத்து நாலு டன் நிலா

கண்ணாத்தாளுக்கும் நிலாவுக்கும் ஐம்பத்தாறு வயசு வரைக்கும் எந்தத் தகராறும் கிடையாது. அவளுடைய தகராறு முழுக்க ஓரகத்தி அத்தாயியோடுதான். நிலா நடுவில் வந்து மாட்டிக்கொண்டது போன தை மாசம்.

திருச்செங்கோட்டுக்கும் பரமத்திக்கும் இடையில் கொமாரக்காடு என்று ஒரு சிற்றூர். அங்கே இரண்டு ஓரகத்திகளின் காடும் அடுத்தடுத்து இருக்கிறது, நடுவில் ஒரே ஒரு வரப்பு. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் வரப்பில்லாமல் ஒரே காடாக இருந்தது. பாகம் பிரிக்கும்போது மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பிரிக்கிறவன் வஞ்சகம் செய்தால் அவன் தலையிலேயே விடியட்டும் என்று முன்னோர்கள் போட்ட ஏற்பாடு. மூத்தவன் சின்னுசாமி நடுவில் கயிறு பிடித்தான். இளையவன் மாதையன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். கண்ணாத்தாள் கண்ணாலேயே கிழக்கைக் காட்டினாள். கிழக்கில்தான் கிணறு இருந்தது, கிணற்றைச் சுற்றி ஏழு தென்னையும் இருந்தது. கிணற்றைப் பார்த்தவள் மண்ணைப் பார்க்கவில்லை.

உழுதால் கல் வந்தது. மழை பெய்தால் கல் முளைத்தது. வெள்ளை வெளேரென்று, அங்கங்கே கரும்புள்ளி வைத்த கல். அந்தக் காட்டில் கல் விளைந்த மாதிரி வேறு ஒரு வெள்ளாமையும் விளையவில்லை. மூன்றாம் வருஷம் கிணறும் வற்றியது. வரப்புக்கு மேற்கே அத்தாயியின் செம்மண்ணிலோ மரவள்ளிக் கிழங்கு தொடை தொடையாக இறங்கிக்கொண்டிருந்தது.

கிணறு வற்றிய வாரம் அத்தாயி வரப்போரம் நின்று தன் செவலை ஆட்டிடம் சொன்னாள். "ஆசப்பட்டு எடுத்தவிங்க அனுபவிக்கட்டும் செவலே, நமக்கென்ன வந்துச்சு?"

ஆட்டுக்குச் சொன்னது யாருக்கு என்று ஆட்டுக்கே தெரியும். அன்றோடு இரண்டு பேருக்கும் நேர்ப்பேச்சு நின்றது. அதன் பிறகு எது சொல்வதானாலும் ஆட்டிடமோ கோழியிடமோ சொல்லி அடுத்தவள் காதில் விழ வைப்பதுதான். ஆடுகள் ஏழு தலைமுறை மாறிவிட்டன. செவலை என்ற பெயரும் வழக்கமும் மாறவில்லை.

அன்று சாயங்காலமே கண்ணாத்தாள் பதில் சொன்னாள், வாயால் அல்ல. பொறுக்கிய கல்லைத் தன் பக்கம் கொட்டாமல், சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு வரப்பேறி, வேலாமரத்துக்குப் பின்னால் அத்தாயி காட்டு மூலையில் கூடையைக் கவிழ்த்தாள். கற்கள் கடகடவென்று உருண்ட சத்தம் காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. மறுநாளும் ஒரு கூடை கொட்டினாள். அதற்கு மறுநாளும். நடவு, அறுப்பு, நோம்பி நொடி போக மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஒரு கூடை. இப்படி இருபத்தெட்டு வருஷம்.

மூலையில் ஆமணக்கும் கிளுவை வேலியும் அடர்ந்து கிடந்ததால் அத்தாயிக்குத் தெரியாது என்றே கண்ணாத்தாள் நம்பினாள். தெரிந்திருந்தால் ஊரைக் கூட்டியிருக்க மாட்டாளா?

அத்தாயிக்கு எது வந்தாலும் கண்ணாத்தாளுக்கு ஒரு கூடை கனம் கூடும். அத்தாயி மகன் ரிக் வண்டி வாங்கினான், வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு தோண்டிச் சம்பாதித்தான். அத்தாயி வீட்டுக்கு மாடி வந்தது. அத்தாயிக்கு அறுபது வயசிலும் தலை நரைக்கவில்லை. அதற்குக்கூடக் கண்ணாத்தாள் ஒரு கூடை கொட்டியிருக்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் சின்னுசாமி தவறியபோது நிஜமாகவே நெஞ்சடைத்து அழுதாள். அழுதுகொண்டே, இழவுக்கு வந்து நின்ற கார்களையும் எண்ணினாள். பதினாலு.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பொறாமையில்தான் தை மாசம் ஒரு ஜீப் வந்து நின்றது.

ஜீப்பிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி மலர்விழி, சேலம் ஃபேர்லேண்ட்ஸ்காரி, கல்லைப் பற்றிப் படித்துக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். நாற்பதை நெருங்குகிற வயசு, இடுப்பில் சுத்தியல், தலையில் தொப்பி. இன்னொருத்தி தனப்பிரியா, அவளிடம் வேலை பார்க்கிறவள். கல்யாண வீட்டில் தலைக்கு மேல் பறந்து படம் எடுக்குமே, அந்த மாதிரி ட்ரோன் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். அது கண்ணாத்தாளின் சோளக்காட்டுக்கு மேலே விர்ரென்று ஏறியது.

கண்ணாத்தாள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அந்தப் பக்கத்துக் குடியானவர்களுக்குத் தொப்பி போட்டு அளக்க வருகிறவர்கள் என்றாலே பயம். இன்றைக்கு அளந்தால் நாளைக்கு மின்கோபுரம், குழாய், ரோடு என்று ஏதாவது ஒன்று காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும்.

"இந்தாம்முணி! அதைக் கீழ எறக்கு! எங்காட்டுல ஒரு அடி வெச்சீங்கன்னா நாயை அவுத்து உட்ருவேன்!"

"அம்மா, நாங்க அளக்க வரலைங்க. கல்லு பாக்க..."

"கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. போங்க அக்கட்டால!"

நாய்க்குப் பல்லே கிடையாது. ஆனாலும் அவர்கள் போய்விட்டார்கள். எங்கே போனார்கள்? வரப்பைத் தாண்டி அத்தாயி காட்டுக்கு. அத்தாயி மோர் கொடுத்து உட்கார வைத்தாள். தானாக ஒரு கிணற்றைத் தேர்ந்தெடுத்து ஏமாந்த கண்ணாத்தாள், முப்பத்தொரு வருஷம் கழித்துத் தானாகவே ஒரு ஜீப்பையும் எதிரி காட்டுக்குத் துரத்திவிட்டாள். வேறு யாரையும் திட்டவும் வழியில்லை.

விஷயம் என்ன என்று மறுநாள் பால் ஊற்றப் போன மாதையன் கேட்டுக்கொண்டு வந்தான்.

"நிலாவுல ஓடற வண்டி ஒண்ணு பெங்களூர்ல செய்யறாங்களாம். இங்கயே ஓட்டிப் பாக்கோணுமாம். அதுக்கு நிலாவுல இருக்கற மாதிரி மண்ணு வேணுமாம். நம்ம பக்கத்து வெள்ளக்கல்லை அரைச்சா அதே மண்ணாம் புள்ள."

"அதுக்கு?"

"அண்ணி காட்டு மூலையில அந்தக் கல்லு மலையாட்டங் கெடக்குதாம். அத்தனையும் எடுத்துக்கறாங்களாம்."

கண்ணாத்தாள் கையில் இருந்த சொம்பு நழுவியது. மாதையன் சொம்பை எடுத்து வைத்தான். பெண்டாட்டி தினமும் சாயங்காலம் எங்கே போய்வருகிறாள் என்று அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. சில புருஷர்கள் அப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

அடுத்த பத்து நாள் கண்ணாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. கொரோனா காலத்தில் நெற்றியில் நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்களே, அது போல ஒரு துப்பாக்கியை மலர்விழி ஒவ்வொரு கல்லிலும் வைத்துப் பார்த்தாள். அதில் என்னென்ன சத்து இருக்கிறது என்று திரையில் எழுத்து ஓடியது. ட்ரோன் குவியலைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தது. படங்களைக் கணினியில் சேர்த்து, தராசு இல்லாமலேயே எடையைச் சொல்லிவிட்டார்கள். எண்பத்து நாலு டன். ஏழு டிப்பர் லாரி.

அத்தாயி படம் பேப்பரில் வந்தது, கல் மேல் கை வைத்தபடி. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். பரமத்தி பஸ்ஸில் கண்டக்டர், "நிலாக்காரம்மாவுக்கு எடம் உடுங்கப்பா" என்று சொன்னதைக் கண்ணாத்தாள் பின் சீட்டில் இருந்து தன் காதாலேயே கேட்டாள்.

அத்தாயி வரப்போரம் வந்து செவலையிடம் சொன்னாள். "எண்பத்து நாலு டன்னாமா செவலே! நம்ம காட்டுக் கல்லு!"

நம்ம காட்டுக் கல்லாம்! கண்ணாத்தாளுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒவ்வொரு கல்லும் அவள் முதுகு வளைந்து பொறுக்கியது. அந்தப் பொன்னாடை அவள் தோளுக்கு வர வேண்டியது. ஆனால் எப்படிக் கேட்பது? 'அது என் கல்லு' என்று சொன்னால், 'உன் கல்லு இங்கே எப்படி வந்தது?' என்று ஊர் கேட்கும். திருடிக்கொண்டு போனவனைப் பிடிக்கலாம். கொண்டுபோய்க் கொட்டியவள் எந்த முகத்தோடு பங்கு கேட்பாள்?

ஒரு வழி தோன்றியது. தன் காட்டிலும் அதே கல் இருக்கிறது என்று காட்டிவிட்டால் போதும். காட்டுக்குள் இறங்கித் தேடினாள். சோளத்தட்டுக்கு இடையில், கிணற்றோரம், தென்னையடியில் எல்லாம் குனிந்து குனிந்து பார்த்தாள். ஒரு கல் இல்லை. இருபத்தெட்டு வருஷமாகத் துடைத்துத் துடைத்து எடுத்ததில் காடு களம் மாதிரி சுத்தமாக இருந்தது. தன் கைத்திறமையைப் பார்த்துத் தானே அழுகிற நிலை யாருக்கும் வரக் கூடாது.

கடைசியில் பட்டப்பகலில், அத்தாயி ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, வரப்பேறிக் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். நேராக ஜீப்புக்குப் போனாள்.

"அம்முணி, அன்னைக்கு ஏதோ கோவத்துல பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காத சாமி. இதைப் பாரு, எங்காட்டுல கெடைச்சுது."

மலர்விழி கல்லை வாங்கினாள். புரட்டினாள். அடிப்பக்கம் சிவப்புச் சாயத்தில் 17 என்று எழுதியிருந்தது. முந்தின நாள்தான் குவியலில் நாற்பது கல்லுக்கு நம்பர் போட்டிருந்தார்கள்.

மலர்விழி அந்த நம்பரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். "அழகான கல்லுங்கம்மா" என்று மட்டும் சொல்லிச் சிரித்தாள். தனப்பிரியாவும் எங்கோ பார்த்தாள். கண்ணாத்தாள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை.

மாசி முதல் வாரம் டிப்பர்கள் வந்தன. வரப்பில் புல் அறுக்கிற சாக்கில் கண்ணாத்தாளும் வந்துவிட்டாள். ஆனால் ஒரு மணி நேரமாகியும் ஒரு கல்லும் ஏறவில்லை. மலர்விழி குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு வேலாமரத்து நிழலில் அத்தாயி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு சிக்கல்ங்கம்மா. இந்தக் கல்லு உங்க காட்டுல பொறந்தது இல்ல. குவியலுக்குக் கீழ தோண்டிப் பாத்துட்டேன், அடியில வேற பாறை. இது எங்கிருந்தோ வந்து இங்க சேந்திருக்குது. எங்கிருந்துன்னு எழுதிக் குடுத்தாத்தான் கம்பெனிக்காரங்க எடுப்பாங்க. இல்லைன்னா வண்டி வெறுசாத்தான் திரும்பும்."

அறுத்த புல்லைப் பிடித்தபடி கண்ணாத்தாள் அப்படியே நின்றாள். வண்டி வெறுமனே திரும்புமா! காதில் தேன் பாய்ந்தது. இனி பஸ்ஸில் எவள் நிலாக்காரம்மா என்று பார்ப்போம். வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றால் போதும், முப்பத்தொரு வருஷத்துக் கணக்கு இன்றோடு தீர்ந்தது.

"ஆத்துத் தண்ணி கொண்டாந்து போட்டிருக்குமோ என்னமோ சாமி?" என்றாள் அத்தாயி.

"தண்ணியில உருண்டா முனை மழுங்கியிருக்கும். இது எல்லாம் கூர் கூரா இருக்குது. மலையிலிருந்து சரிஞ்சிருந்தா பெருசும் சிறுசும் கலந்திருக்கும். இது எல்லாம் ஒரே அளவு." மலர்விழி ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். "இதைவிட ஆச்சரியம் என்னன்னா, எண்பத்து நாலு டன்ல ஒரு வேத்துக் கல்லு கலக்கலைங்க. ஓடைக்கல்லு, சுக்காங்கல்லு, மண்ணாங்கட்டி, ஒண்ணும் இல்ல. மிஷின்ல போட்டுச் சலிச்சாக்கூட இவ்வளவு சுத்தமா வராது. எது பண்ணியிருந்தாலும் சரி, அதுக்குக் கல்லுன்னா என்னன்னு தெரிஞ்சிருக்குது. என் சர்வீஸ்ல இப்படி ஒரு வேலையைப் பாத்ததில்ல."

புல் கீழே விழுந்தது. பிறந்ததிலிருந்து கண்ணாத்தாளின் வேலையை யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. மாமியார் புகழவில்லை. மாதையனுக்கு அந்தப் பழக்கமே இல்லை. இப்போதுதான் முதல் தடவையாகப் படித்த ஒருத்தி வாய்நிறையச் சொல்கிறாள், அதுவும் அந்த வேலை யாருடையது என்று தெரியாமலே போகப்போகிறது.

அப்போது அத்தாயி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். "எல்லாம் அந்த மாரியாயி குடுத்தது சாமி."

கண்ணாத்தாளால் எதையும் பொறுக்க முடியும். தன் உழைப்பின் பெயரை அத்தாயி எடுத்துக்கொண்டதைக்கூட இத்தனை நாள் பொறுத்தாள். அதைச் சாமிக்குத் தூக்கிக் கொடுத்ததைப் பொறுக்க முடியவில்லை.

"மாரியாயியும் குடுக்கல, ஆறும் குடுக்கல!" வரப்பிலிருந்து கத்தினாள். "அத்தனையும் நான் கொட்டுனது! நான்! எங்காட்டுக் கல்லு! இருபத்தெட்டு வருசமா இந்தத் தலையில தூக்கியாந்து கொட்டுனேன்!"

டிப்பர் டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செவலை மேய்வதை நிறுத்தியது. சொன்ன பிறகுதான் கண்ணாத்தாளுக்குத் தான் சொன்னது என்னவென்று புரிந்தது. இனி ஊர் கூடும், நியாயம் பேசும், அபராதம் போடும். போடட்டும்.

அத்தாயி எழுந்திருக்கவில்லை. ஆட்டின் முதுகைத் தடவினாள்.

"கேட்டுக்கிட்டயா செவலே? மொதல் கூடை விழுந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். கடகடன்னு சத்தம் கேக்காதா, காதென்ன செவுடா? மறுநாளே பஞ்சாயத்தக் கூட்டலாம்னுதான் இருந்தேன். ஒரு கூடைக் கல்லுக்கு எவன் நாயம் பேசுவான்? இன்னுங் கொஞ்சம் சேரட்டும்னு உட்டேன். சேந்துச்சு. இன்னும் சேரட்டும்னு உட்டேன். பஞ்சாயத்துக்குச் சாச்சி வேணுமில்ல? ஒரு கல்லை எடுக்க உடல. எம்மகன் ஊடு கட்டறப்ப அஸ்திவாரத்துக்கு இதைப் போடலாம்னான். கை வெச்சா கையை ஒடிப்பேன்னு சொல்லிப்போட்டேன்."

ஆக, ஒருத்தி பொறாமையில் கொட்டியிருக்கிறாள், இன்னொருத்தி வைராக்கியத்தில் காவல் காத்திருக்கிறாள். நிலாவில் ஓடும் வண்டிக்கு மண் சேர்ந்த கதை இதுதான். மலர்விழி தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து வரப்போரம் வந்தாள்.

"உங்க காட்டுக்குள்ள வரலாங்களாம்மா? நாய் இருக்குதா?"

"அது கெடக்குது பல்லில்லாத கழுத. வா சாமி."

துப்பாக்கி கண்ணாத்தாளின் மண்ணில் பதிந்தது. திரையில் எழுத்து ஓடியது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள் மலர்விழி. பத்தடி ஆழத்தில், வற்றிய சுவரெல்லாம் வெள்ளைப் பாறை, கரும்புள்ளியோடு.

"வானத்துல நிலா வெள்ளையாத் தெரியுதில்லைங்க, அந்த வெள்ளையெல்லாம் இந்த ஜாதிக் கல்லுதான். உங்க காட்டுக்கு அடியில அதுதான் படுத்திருக்குது." பிறகு அவள் போனில் ஏதோ கணக்குப் போட்டாள். "வருஷத்துக்கு மூணு டன்னு. கூடை பதினஞ்சு கிலோன்னா, அஞ்சாயிரத்து அறுநூறு தடவை இந்த வரப்பு ஏறியிருக்கீங்க. ஒத்தை ஆளா."

கண்ணாத்தாள் வரப்பைப் பார்த்தாள். அவள் கால் பட்டுப் பட்டு ஓரிடத்தில் அது பள்ளமாகியிருந்தது. அஞ்சாயிரத்து அறுநூறு. இத்தனை வருஷம் தான் என்ன செய்தோம் என்று யாராவது கேட்டால், எதிரி காட்டில் கல் கொட்டினேன் என்றுதான் அவளுக்குச் சொல்லத் தெரியும். ஒரு காட்டையே பண்படுத்தியிருக்கிறேன் என்று தோன்றியதே இல்லை. கண் கலங்கியது, முந்தானையால் துடைத்தாள்.

"சரி, யாரு பேரை எழுதறது?" என்று மலர்விழி காகிதத்தை எடுத்தாள். "பெங்களூர்ல வண்டி ஓட்டற எடத்துல பலகை வெப்பாங்க. கெடந்தது இவங்க காட்டுல. வந்தது உங்க காட்டுலருந்து."

கண்ணாத்தாள் வாயைத் திறப்பதற்குள் அத்தாயி முந்திக்கொண்டாள். "அவ பேரையே எழுதுங்க சாமி. செமந்தவ அவதானுங்க. நான் சும்மா பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

டிரைவர்கள், "என்ன மனசுய்யா அந்தம்மாவுக்கு!" என்றார்கள். தனப்பிரியா அத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மலர்விழியின் முகத்தில் அப்படியொரு மரியாதை.

கண்ணாத்தாளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கொடுத்தவள் என்ற பெயர் அத்தாயிக்குப் போய்விட்டதே! நாளைக்குப் பஸ்ஸில், 'தன் பேரையே விட்டுக்கொடுத்த மகராசி' என்று அதற்கும் ஒரு சீட்டு கொடுப்பார்கள்.

"ஒண்ணும் வேண்டாம்!" என்றாள். "ரெண்டு பேர் பேரையும் போடு அம்முணி. யாரும் யாருக்கும் பிச்சை போட வேண்டாம்."

"யாரு பேரு முதல்ல வரணுங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மலர்விழி புத்திசாலி. பதிலுக்குக் காத்திராமல் எதையோ எழுதிக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் ஏழு டிப்பரும் போய்விட்டன. குவியல் இருந்த இடம் வெறுமையாக, ஈரமாக, கருகருவென்று கிடந்தது. கண்ணாத்தாள் வழக்கமான நேரத்துக்கு வரப்பில் வந்து நின்றாள். திரும்பித் தன் காட்டுக்குள் நடந்தபோது காலில் ஒரு கல் இடறியது. டிப்பர் திரும்புவதற்காக இவள் காட்டோரத்து மண்ணைக் கொத்தியதில் மேலே வந்திருக்க வேண்டும். எடுத்து மண்ணைத் தட்டினாள். நல்ல வெள்ளை.

வரப்புக்கு அந்தப் பக்கம் அத்தாயி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஆடு இல்லை. கோழியும் இல்லை. கொஞ்ச நேரம் இங்கேயும் அங்கேயும் பார்த்தாள், முன்னால் வைத்துப் பேச ஒரு ஜீவனும் கிடைக்கவில்லை.

"கண்ணாத்தா," என்றாள் கடைசியில். "எடம் வெறிச்சுன்னு கெடக்குது. அதை இங்கியே போடு."

கண்ணாத்தாள் கல்லை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அந்த ஆசையெல்லாம் வேண்டாம். இனி ஒரு கல்லுகூட உனக்குக் கெடையாதுக்கா."

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பாதி வழி போன பிறகுதான் அக்கா என்று சொன்னது அவளுக்கே உறைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அத்தாயி சிரித்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும், அதைப் பார்த்தால் இன்னும் கோபம் வரும்.